கொண்டை முக்குளிப்பான் எந்தப் பக்கம்?

மார்ச் 9, ஞாயிறு

பெரிய பேத்திக்கு ஏரிப் பாதுகாப்பு அலுவலகத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. பச்சைச் சீருடை, கழுத்தில் விசில், தனக்கென்று ஒரு துடுப்புப் படகு. அவள் ஒருதரம் ஊதினால் போதும், தண்ணீரில் கூத்தடிக்கும் தடியன்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு கரையேறிவிடுகிறார்கள். அவள் தம்பி படகுப் போட்டியில் முதலாவதாக வந்தான். இப்போது ஏரி நலச் சங்கத்தின் மோட்டார் படகு அவன் கையில்தான். ஊர் பார்க்க வருகிறவர்கள் 'அந்தத் தம்பி ஓட்டுறதுலதான் போவோம்' என்று வரிசையில் நிற்கிறார்கள். மகள் வயிற்றுப் பேத்திக்கு நீச்சலில் வெள்ளிப் பதக்கம். தங்கம் வாங்கியவளுக்குப் பிறவியிலேயே கை நீளமாம். அதைத் திறமையில் சேர்க்க முடியாது. அவள் தம்பி, பொடியன், மழலைப் பள்ளி ஓட்டத்தில் ஆறுதல் பரிசு வாங்கியிருக்கிறான். ஆறுதல் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பரிசு பரிசுதான்.

இதையெல்லாம் காலை நடையின்போது ஏரிக்கரை பெஞ்சில் சொன்னேன். யாராவது கேட்டால்தான் சொல்வது என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறேன். இன்று ஓட்டல்காரம்மா "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார். அது போதும்.

ஏரியின் எதிர்க்கரையில் இருக்கிற பெரிய ஓட்டல் அந்த அம்மாவின் மகனுடையது. இந்தக் கரையில் என் மகனின் படகுத்துறை. மேலே எங்கள் வீடு. நடுவில் ஏரி. அது மட்டும் இல்லாவிட்டால் எங்கள் இருவருக்கும் நடுவில் என்னவெல்லாம் நடந்திருக்குமோ.

மார்ச் 12

ஓட்டல்காரம்மாவின் பேரன் வெளிநாட்டில் வீடு வாங்கிவிட்டானாம். நீச்சல்குளத்தோடு. ஏரிக்கரையில் பிறந்த பிள்ளைக்கு நீச்சல்குளம்! விடுமுறைக்கு வருகிறானாம், எல்லோரும் பார்க்கலாமாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாய்வரை வந்தது.

மார்ச் 15

பெரியவள் முழங்கால்வரை சேற்றோடு வந்து நின்றாள். முகம் மட்டும் விளக்குப் போட்டதுபோல் இருந்தது. அம்மா பக்கத்தில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, அடுப்படியில் என் காதோரம் வந்து சொன்னாள்.

எங்கள் படகுத்துறைக்குப் பின்னால் ஏரி உள்வாங்கி ஒரு முடக்கு இருக்கிறது. முழுக்க நாணல். அதற்குள் கொண்டை முக்குளிப்பான் கூடு கட்டியிருக்கிறதாம். இந்த ஏரியில் அந்தப் பறவை முட்டையிட்டதை அவள் அலுவலகத்தில் யாருமே பார்த்ததில்லையாம். தலையில் கறுப்பாக இரட்டைக் கொண்டை, கன்னத்தில் செம்பட்டைத் தாடி, வெள்ளைக் கழுத்து. கூட்டை மரத்தில் கட்டாது. தண்ணீர்மேலேயே பாசியையும் தழையையும் குவித்து, நாணலோடு பிணைத்து மிதக்க விடும். பார்த்தால் அழுகிய குப்பை மாதிரி இருக்குமாம். பெரிய அலை ஒன்று அடித்தால் முட்டையெல்லாம் தண்ணீருக்குள்.

"அதனாலதான் பாட்டி, குஞ்சு பொரிச்சு வெளிய வர்ற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. எங்க அதிகாரிக்கு மட்டும்தான் சொல்லிருக்கேன். கூட்டம் வந்துச்சுன்னா அவ்வளவுதான். உனக்கு மட்டும் சொல்றேன்."

எனக்கு மட்டும்! அவள் அப்பனுக்குச் சொல்லவில்லை, அம்மாவுக்குச் சொல்லவில்லை. எனக்கு.

மார்ச் 16

சொல்லவில்லை.

மார்ச் 17

இன்றும் சொல்லவில்லை. வயிறு உப்பினாற்போல் இருக்கிறது. ஓமத் தண்ணீர் குடித்தேன். ஓமத்துக்கு அடங்குகிற வலி இல்லை இது.

மார்ச் 19

சொல்லிவிட்டேன்.

வேண்டுமென்று சொல்லவில்லை. ஓட்டல்காரம்மா செல்பேசியை நீட்டி, பேரனின் நீச்சல்குளத்தை இந்தப் பக்கமிருந்து, அந்தப் பக்கமிருந்து, தண்ணீர் இல்லாமல், தண்ணீரோடு என்று காட்டிக்கொண்டே போனார். "உங்க பேத்தி இன்னும் அந்த விசில் ஊதுற வேலைதானா?" என்றார். அந்த 'தானா'தான். அதற்கப்புறம் பேசியது நான் இல்லை, என் வாய்.

ரகசியம் என்று சொல்லித்தான் சொன்னேன். அவரும் "என் உயிர் போனாலும் வெளிய வராதுங்க" என்றார். உயிர் போகவில்லை. மாலையில் பால் போடுகிறவர் கேனை இறக்கி வைத்துவிட்டு, "கொண்டை வச்ச பறவையாமே, எத்தனை முட்டைம்மா?" என்று என்னையே கேட்டார்.

நுணலும் தன் வாயால் கெடும். ஏரிக்கரையில் இத்தனை காலம் தவளைச் சத்தம் கேட்டும் புத்தி வரவில்லை.

மார்ச் 21

இரண்டு நாளாக முடக்கின் வாயில் படகு நெரிசல். மிதிபடகில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். குழந்தைகள் ரொட்டித் துண்டை நாணலுக்குள் எறிகின்றன; பெரியவர்கள் கைதட்டிப் பறவையைக் கூப்பிடுகிறார்கள். கோழியைக் கூப்பிடுவதுபோல் ஒரு பெரியவர் 'பா... பா...' என்றார். என் மகன், சொந்த மகன், படகுத்துறையில் அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறான்: 'அரிய பறவை இங்கே.' அவன் தங்கப் பிள்ளை மோட்டார் படகில் ஆள் ஏற்றிக்கொண்டு போய் முடக்கின் வாயில் ஒரு வட்டம் அடித்துத் திரும்புகிறான். அந்த வட்டத்தின் அலை நாணல்வரை போகிறது.

பெரியவள் தன் துடுப்புப் படகை முடக்கின் குறுக்கே நிறுத்தி, வெயிலில் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். விசில் ஊத முடியாது; ஊதினால் பறவை பயந்துவிடும். கையை மட்டும் ஆட்டுகிறாள். பதிலுக்கு ஜனங்களும் கையாட்டிவிட்டுப் போகிறார்கள். எவ்வளவு மரியாதையான ஜனங்கள்.

இரவுச் சாப்பாட்டில் அவள் யாரையும் பார்க்காமல், யார் வெளியே சொன்னது என்று மட்டும் கேட்டாள். பயணிகள் சொல்லித்தான் தனக்கே தெரியும் என்றான் தம்பி. மகனும் மருமகளும் அதையேதான் சொன்னார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குழாயைப் பார்த்தேன். அது சொட்டுகிறது, வாஷர் மாற்ற வேண்டும்.

அவள் திட்டவில்லை. எனக்குத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு எழுந்து போனாள். திட்டித் தொலைச்சிருக்கலாம்ல? பாட்டின்னு பாத்தாளா? ஒரு வார்த்தை, 'ஏன் பாட்டி இப்படிப் பண்ணே'ன்னு — கேக்கலையே.

மார்ச் 23, ஞாயிறு

ஏரி நலச் சங்கத்தின் அவசரக் கூட்டம். ஏரியைக் காப்பாற்றுவதற்காகக் கூடியவர்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். சென்ற வருடத்து 'ஏரியைக் காப்போம்' துணிப்பதாகை இன்னும் கரையோர மரத்தில் ஒரு முனையும் தண்ணீருக்குள் மறு முனையுமாகக் கிடக்கிறது. அதை எடுப்பதா, புதிது அடிப்பதா என்பதில் முதல் அரைமணி போயிற்று. புதிது அடிப்பது என்று முடிவானது. பழையதை எடுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

சங்கத் தலைவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒப்புதல் இல்லாமல் செய்யமாட்டார். ஒப்புதல் கிடைத்துவிட்டால் எதையும் செய்வார். ஏரிக்கு வந்திருக்கும் விருந்தாளியை நாம் கௌரவிக்க வேண்டும் என்றார். அடுத்த ஞாயிறு பறவை வரவேற்பு விழா. பெரிய மனிதர் ஒருவர் தலைமை தாங்க ஒத்துக்கொண்டுவிட்டார். அவருக்குப் பறவை சரியாகத் தெரியாமல் போனால் ஊருக்கே அவமானம் என்பதால், மறைக்கிற நாணலை வியாழக்கிழமை வெட்டிவிடுவது. அமைதி காக்க வேண்டும் என்பதை ஜனங்களுக்கு அறிவிக்க ஒலிபெருக்கி வைப்பது.

பெரியவள் எழுந்தாள். நாணலை வெட்டினால் கூட்டுக்குப் பிடிமானமே கிடையாது, நாணல்தான் அதன் வீடு என்றாள். முடித்ததும் அரங்கமே கைதட்டியது.

"நம்ம ஏரிக்கரைப் பொண்ணு எவ்வளவு அழகாப் பேசுது பாருங்க. விழா அன்னிக்கு வரவேற்புரை நீயே பண்ணிடும்மா" என்றார் தலைவர். தீர்மானம் நிறைவேறியது.

அவளுடைய அதிகாரிக்குப் போன் போட்டாள். அவர் ஏரிகளைப் பாதுகாப்பது எப்படி என்ற பயிற்சிக்காக வெளியூர் போயிருக்கிறார். பயிற்சி முடியும்வரை போனை எடுக்கக் கூடாதாம்.

வீடு வரும்வழியில் அவள் முன்னே போனாள், நான் பின்னே போனேன்.

மார்ச் 24

யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லித்தானே இந்தக் கதி. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. மூட முடியாது, சரி. திருப்பலாமா?

மார்ச் 25

இன்று பெஞ்சில் நானாகவே ஓட்டல்காரம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முகத்தை எட்டு முழத்துக்குத் தொங்கப் போட்டுக்கொண்டேன். ஓரளவுக்கு அது தானாகவே தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"என்னங்க ஒரு மாதிரி இருக்கீங்க?"

"என்னத்தைச் சொல்றது. போயிடுச்சுங்க."

"யாரு?"

"பறவைதான். எங்க பக்கம் புடிக்கலையாம். உங்க ஓட்டலுக்குக் கீழ இருக்கிற தண்ணிக்கு வந்துடுச்சு. எல்லாம் கொடுப்பினைதான்."

ஓட்டல்காரம்மா என்னை உற்றுப் பார்த்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதற்குமேல் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. வராது. எனக்குத் தெரியும். இந்த ஏரியைச் சுற்றி இருக்கிற அத்தனை பேருக்கும் என்னைப் பற்றி ஒரு அபிப்பிராயம் உண்டு: காக்கை வெள்ளை என்றால்கூட அது எங்கள் வீட்டுக் கூரையில் உட்கார்ந்ததால் வெளுத்தது என்பேன். அப்படிப்பட்டவள் ஒரு பெருமையை, அதுவும் எதிர்க்கரைக்கு, அதுவும் இந்த அம்மாவுக்கு விட்டுக்கொடுக்கிறாள் என்றால் அது சத்தியமாகத்தான் இருக்க வேண்டும். பிள்ளைகளைப் பற்றிப் பீற்றிக்கொண்டே இருந்ததில் இப்படியொரு லாபம் வரும் என்று யார் கண்டது.

"வருத்தப்படாதீங்க. எங்க இருந்தாலும் அது நம்ம ஏரிப் பறவைதானே" என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அந்த அம்மா வழக்கமான நடையைப் பாதியிலேயே விட்டுவிட்டுப் போனார். அந்த முழங்கால் வலிக்கு அவ்வளவு வேகம் நான் எதிர்பார்க்கவில்லை.

மார்ச் 26

ஓட்டல்காரம்மா பார்த்துவிட்டாராம். மாடியிலிருந்து. இரட்டைக் கொண்டையோடு.

மத்தியானத்துக்குள் ஓட்டல் சமையல்காரர் பார்த்தார், கணக்குப்பிள்ளை பார்த்தார், தங்க வந்திருந்த புதுமணத் தம்பதி பார்த்தார்கள். சங்கத் தலைவர் ஓட்டல் மாடிக்குப் போய்த் தொலைநோக்கியை வைத்துப் பார்த்து, "அபூர்வம்... அபூர்வம்" என்று உருகினாராம். முன்பக்க மூடியைக் கழற்றவில்லை என்று என் பேரன் வந்து சொன்னான். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"நீ நிஜமாவே பார்த்தியா பாட்டி?"

"ஊரே பார்த்துடுச்சு, என்னை மட்டும் கேக்கறே."

தலையைச் சொறிந்தான். பிறகு மோட்டார் படகை எதிர்க்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனான். பின்னாலேயே மிதிபடகுகளும் போயின, வாத்துக் கூட்டம்போல. சாயங்காலம் முடக்கில் ஓர் அலை இல்லை. மகன் அட்டையைக் கழற்றி எடுத்து, 'இங்கே' என்பதை அழித்து 'எதிரே' என்று எழுதி மறுபடி மாட்டினான். அவனுக்குப் பறவை எங்கே இருந்தால் என்ன, படகு இங்கிருந்துதானே புறப்பட வேண்டும்.

மார்ச் 27, வியாழன்

நாணல் வெட்ட ஆள் வரவில்லை. எதிர்க்கரையில் வெட்டுவதற்கு நாணல் கிடையாது. சிமெண்ட் படிக்கட்டுதான்.

மார்ச் 30, ஞாயிறு

பறவை வரவேற்பு விழா ஓட்டல் புல்வெளியில் நடந்தது. பேண்டு வாத்தியம் வந்தது. பலூன் பறக்கவிட்டார்கள், அவை ஏரிக்கு நடுவில் போய் ஒவ்வொன்றாக இறங்கின. தலைமை தாங்கியவர் அமைதியைப் பற்றி ஒலிபெருக்கியில் வெகுநேரம் பேசினார். எங்கள் தெரு நாய்கள்கூட எதிர்க்கரையிலிருந்து பதில் சொல்லின.

பிறகு பெரிய அறிவிப்புப் பலகையைத் திறந்து வைத்தார்கள். அதில் பறவையின் படம். பார்த்தேன். ஓட்டல் குளத்தில் வளர்க்கிற வாத்து. நனைந்து எழுந்த நேரம், தலை இறகு சிலிர்த்து நின்றது, அவ்வளவுதான். 'கொண்டை முக்குளிப்பான்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே, 'முதன்முதலில் கண்டவர்' என்று ஓட்டல்காரம்மாவின் பேரன் பெயர். முந்தாநாள்தான் விமானத்தில் வந்து இறங்கினான். அவனுக்குச் சால்வை போட்டார்கள். வாத்துக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை என்பது அவனுக்கே தெரியும்போல. சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளப் பார்த்தான்.

என் நாக்கு நுனியில் நின்றது. ஒரே ஒரு வார்த்தை. 'அது என் பேத்தி கண்டது.' எழுந்து நின்று சொல்லியிருந்தால் அத்தனை பேரும் திரும்பியிருப்பார்கள். திரும்பி, மறுபடி முடக்குக்கு வந்திருப்பார்கள்.

பெரியவள் கடைசி வரிசையில் சீருடையோடு நின்றாள். வரவேற்புரையை ஓட்டல் மேலாளர் படித்துவிட்டார், அவளை யாரும் கூப்பிடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கைதட்டினேன். உள்ளங்கை எரியும்வரை தட்டினேன்.

மார்ச் 31

காலையில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பறவை எங்கயும் போகலை பாட்டி."

"எனக்கென்னடி தெரியும், நான் அஞ்சாவதுதான் படிச்சேன். ஊரெல்லாம் பார்த்துச்சாமே."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நானும். மருமகள் வந்து என்னவென்று கேட்டாள். குழாய் சொட்டுகிறது என்றோம்.

ஏப்ரல் 6

கொண்டை முக்குளிப்பான் எப்படிக் கூடு கட்டும் என்று இன்று ஓட்டல்காரம்மா எனக்கு விளக்கினார். மரப் பொந்தில் கட்டுமாம். கேட்டுக்கொண்டேன். "அப்படீங்களா" என்றேன். இதற்குமேல் ஒரு மனுஷியால் என்ன செய்ய முடியும்?

ஏப்ரல் 11

விடிந்தும் விடியாத நேரத்தில் பெரியவள் என்னைத் துடுப்புப் படகில் உட்காரவைத்து அழைத்துப் போனாள். படகை யாரோ தள்ளிக்கொடுத்தார்கள். திரும்பிப் பார்த்தால் பேரன். மோட்டார் படகுக்காரன் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றான். "மெதுவா" என்று மட்டும் அவன் சொன்னான். அவனா சொன்னது!

நாணல் ஓரத்தில் துடுப்பை நிறுத்திவிட்டாள். அசையாதே என்று கையைப் பிடித்துக்கொண்டாள். தழை விலகியது. அது வந்தது. கொண்டை, தாடி, வெள்ளைக் கழுத்து, எல்லாம் அவள் சொன்னபடியே. முதுகில் சிறகுக்கு நடுவிலிருந்து கோடு கோடாகக் குஞ்சுகளின் தலைகள். ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது, இன்னொன்று அதைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தது. ஆண் பறவை எங்கிருந்தோ மீனோடு வந்து, வாய் திறந்தவற்றுக்கு ஊட்டிவிட்டு மறுபடி முங்கிப் போனது.

இவ்வளவு அழகான பிள்ளைகளை முதுகில் வைத்துக்கொண்டு, ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், அது பாட்டுக்குப் போகிறது.

பெரியவளும் பார்த்தாள். பிறகு துடுப்பைச் சத்தமில்லாமல் தண்ணீரில் இறக்கினாள்.

ஏப்ரல் 12

பெஞ்சில், "என்ன இன்னிக்கு முகம் இவ்வளவு பிரகாசமா இருக்கு?" என்றார் ஓட்டல்காரம்மா. புது சோப்பு என்றேன்.

மே 3

அதிகாரி பயிற்சியிலிருந்து திரும்பி, சான்றிதழை மாட்டி, பெரியவளின் குறிப்பைப் படித்தார். முடக்கின் வாயில் மிதவை கட்டி அடைத்துவிட்டார்கள். காரணமாக 'ஆழம் அதிகம்' என்று அட்டை. அங்கே முழங்கால் அளவுத் தண்ணீர்தான். பறவை இருக்கிறது என்று எழுதினால் கூட்டம் வரும், ஆழம் என்று எழுதினால் போகும். இது அவளுடைய யோசனை. என் வீட்டுப் பெண்தானே.

ஜூன் 22, ஞாயிறு

குஞ்சுகள் பெரிதாகித் தாங்களே முங்குகின்றன. தாய் தந்தையைத் தொந்தரவு செய்வதில்லை. ஓட்டல் பக்கப் பறவையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சீசன் முடிந்ததும் அது வெளிநாடு போய்விட்டதாக முடிவு கட்டிவிட்டார்கள். பேரன்களைப்போல.

பலகையில் இருந்த வாத்து வெயிலில் வெளுத்துவிட்டது. யாரிடமாவது நல்ல படம் இருந்தால் கொடுக்கச் சொன்னார் சங்கத் தலைவர். நான் பெரியவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அவள் காலையில் எடுத்த படம். நாணல், அதற்குக் கீழே நாணலின் நிழல், கொஞ்சம் வெளிச்சம். உற்றுப் பார்த்தாலும் அவ்வளவுதான்.

தலைவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டல்காரம்மாவும் எட்டிப் பார்த்தார்.

"இதுல என்னங்க இருக்கு? வெறும் புல்லு."

"ஆமாங்க. புல்லுதான்."

"கீழ என்ன எழுதணும்? எடுத்தவங்க பேரு?"

வாய் திறந்தது. பச்சைச் சீருடை, விசில், நிரந்தர வேலை, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஓட்டல்காரம்மா நான் சொல்லப்போவதைக் கேட்கத் தயாராக, முகத்தை அதற்கேற்ப வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் எழுத வேணாம். இந்த வாரத்துக்குள்ள அந்த வாத்தைக் கழட்டிட்டு இதை ஒட்டிடுங்க. கோணலா ஒட்டாதீங்க."